பரியும் பயிற்சியும் – 11: ஆசானுக்கு முன் இரத்தச் சான்று

சவாரி செய்பவரின் மிக நுண்ணிய உடற்குறிப்புகளுக்கு இணங்கிக் குதிரை நடைகளையும் திருப்பங்களையும் நிகழ்த்திக் காட்டும் கலையே டிரெஸ்ஸாஜ் என்பதும், அதன் களம் 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது என்பதும் தொடர்ந்து படித்துவருவோர் அறிந்தவை. அவற்றை மறுபடி விரிக்க இவ்விதழில் இடமில்லை.

சொந்தக் குதிரையோடு ஒரு பயிற்சிக்கூடத்தில் சில வாரங்களோ மாதங்களோ தங்கிக் கற்க விரும்புவோர் ஆசானைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இவ்வாரத்துக்கு அறிவிக்கப்பட்ட பொருள். ஆயினும், ஆசானின் தகுதியை எடைபோடுவதற்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது: அந்தக் குதிரையை அந்த லாயத்துக்குள் விடலாமா? இக்கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியவர்களுக்கு, ஆசானையும் கட்டணத்தையும் பேசி முடித்த பிறகு, லாயத்தின் வாயிலிலிருந்தே திரும்ப நேரிடும்.

இந்தியர் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டிலேயே இதைக் காணலாம். கொல்கத்தாவைச் சேர்ந்த அனுஷ் அகர்வல்லா 2017-இல், தமது 17-ஆம் வயதில், ஜெர்மனியின் பாடர்போர்ன் நகருக்கு அருகே ஹூபர்டஸ் ஷ்மிட்டிடம் தங்கிப் பயிலச் சென்றார். ஷ்மிட் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மானிய டிரெஸ்ஸாஜ் அணியில் இடம்பெற்றவர். அனுஷ், ஹிருதய் விபுல் சேடா, திவ்யாகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் 2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 209.205 புள்ளிகளுடன் அணித் தங்கம் வென்றபோது, குதிரையேற்றத்தில் இந்தியா 41 ஆண்டுகளுக்குப் பின் பெற்ற தங்கமாக அது அமைந்தது. எட்ரோ என்ற குதிரையின் மீது தனிநபர் வெண்கலமும் பெற்ற அனுஷ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சர் காரமெல்லோ என்ற குதிரையுடன் இறங்கி, ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். இக்குதிரைகள் இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவை அல்ல. இந்திய மண்ணில் வளரும் குதிரையை நேரே ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்வது நோய்த்தடுப்பு விதிகளால் நடைமுறையில் இயலாததாக இருந்துவருவதால், அங்கே பயிலச் செல்லும் இந்தியர் தமக்குரிய குதிரையை அங்கேயே தேடிக்கொண்டு அங்கேயே பேண வேண்டியிருக்கிறது.

இவ்விதிகள் ஏழை நாடுகளுக்கென விதிக்கப்பட்ட தடை என்று எண்ணுவோருக்கு 1956-ஆம் ஆண்டின் வரலாறு விடை தரும். அவ்வாண்டின் ஒலிம்பிக் நவம்பரில் மெல்போர்னில் தொடங்கவிருந்தது. வெளிநாட்டுக் குதிரைகள் ஆறு மாதம் தனித்து வைக்கப்பட வேண்டும் என்ற தன் விதியை ஆஸ்திரேலியா ஒலிம்பிக்குக்காகவும் தளர்த்த மறுத்தது. அதனால் குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, ஐந்து மாதங்களுக்கு முன்பே, ஜூன் மாதத்தில், உலகின் மறுகோடியில் உள்ள ஸ்டாக்ஹோமில் நடத்தப்பட்டன. ஒரே ஒலிம்பிக் இரு கண்டங்களில், இரு பருவங்களில் நடந்தது. இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்து, பிறர் உதவியின்றிக் குதிரைமீது ஏற இயலாத டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கைத் தொடர்ந்து இரண்டாம் முறையாக டிரெஸ்ஸாஜில் வெள்ளி வென்றதும் அந்த ஸ்டாக்ஹோம் களத்தில்தான். 2008-இலும் இத்தகைய பிரிப்பு நிகழ்ந்தது: பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன.

சீனா இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு வியக்கத்தக்கது. நாடு முழுவதும் நோயை ஒழிக்கக் காத்திராமல், குறிப்பிட்டதொரு நிலப்பரப்பை மட்டும் வரையறுத்து, அதற்குள் வரும் ஒவ்வொரு விலங்கையும் சோதித்து, அப்பரப்பை நோயற்ற பகுதி என உலக நாடுகளை ஏற்கச் செய்தது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுக்காகக் சோங்குவாவிலும், பின்னர் ஹாங்சோ போட்டிகளுக்காகத் தொங்லுவிலும் அத்தகைய பகுதிகள் உருவாயின. இந்தியாவும் அண்மையில் அவ்வழிக்கு வந்துள்ளது. மீரட் படைமுகாமில் உள்ள இராணுவக் கால்நடை மருத்துவப் படையின் மையம், குதிரை நோயற்ற கூடமாக 2025 ஜூலையில் உலக விலங்கு நல அமைப்பின் ஏற்பைப் பெற்றது. தொற்று இரத்தசோகை, குதிரை இன்ஃப்ளூயன்சா, உண்ணியால் பரவும் பைரோபிளாஸ்மோசிஸ், மனிதரையும் தாக்கும் கிளாண்டர்ஸ், சர்ரா ஆகிய ஐந்தும் அங்கே இல்லை என்பது அதன் பொருள். அக்கூடத்தின் நெறிகளுக்கு உட்பட்டு அங்கே பேணப்படும் குதிரைகளுக்கே அச்சான்று பொருந்துமாதலால், கடலூர் மாவட்டத்து மங்கலம்பேட்டையில் ஒருவர் வளர்க்கும் குதிரைக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. எனினும், இந்தியக் குதிரை இந்தியாவிலிருந்தே புறப்படும் நாள் கற்பனைக்கு எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது என்பது பெருமகிழ்ச்சிக்குரியது.

மேற்கூறிய ஐந்தனுள் சர்ராவைக் கடலூர் மாவட்டத்தார் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். இரத்தத்தில் வாழும் நுண்ணுயிரி ஒன்றால் விளையும் இந்நோயைக் கடிக்கும் மாட்டு ஈக்கள் பரப்புகின்றன. மாடுகளும் எருமைகளும் வெளிக்குறி ஏதும் காட்டாமல் அவ்வுயிரியைச் சுமக்கக்கூடும், குதிரையோ காய்ச்சலும் வீக்கமும் மெலிவும் கண்டு இறக்கவும் கூடும். அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் 1880-இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற இராணுவக் கால்நடை மருத்துவர் நோயுற்ற குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் இவ்வுயிரியைக் கண்டு, நோய்க்கு இதுவே காரணம் என்றபோது மேலிடம் ஏற்கவில்லை. இன்று அவ்வுயிரியே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வயலும் மாட்டுக் கொட்டிலும் சூழ்ந்த மங்கலம்பேட்டை, விருத்தாசலம் பகுதிகளிலிருந்து மழைக்காலத்தை ஒட்டிக் குதிரையை வெளியூர் அனுப்புவோர், புறப்படுமுன் இரத்தச் சோதனை செய்வது தம் குதிரைக்கு மட்டுமன்றி, சென்று சேரும் லாயம் முழுமைக்கும் ஆற்றும் கடமையாகும்.

இதிலிருந்து, தேர்வுக்குரிய முதல் அளவுகோல் தானே கிடைக்கிறது. ஆரோவில்லின் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளியாயினும், பெங்களூரின் எம்பசி சர்வதேசக் குதிரையேற்றப் பள்ளியாயினும், வேறு எதுவாயினும், புதிதாக வரும் குதிரைக்குத் தனி லாயமும் தனித் தண்ணீர்த் தொட்டியும் உண்டா, எத்தனை நாள் பிரித்து வைப்பர், எந்தெந்தச் சோதனைச் சான்றுகளைக் கேட்பர் என்று வினவுதல் வேண்டும். எதையும் கேட்காமல் உடனே இடம் தரும் கூடம், முன்னர் வந்த குதிரைகளையும் அவ்வாறே சேர்த்திருக்கும் என்பதால், அந்த எளிமையே அதை விலக்கப் போதிய காரணம்.

பயணமும் இத்தேர்வின் பகுதியே. லாரியில் தலையை உயர்த்திக் கட்டப்பட்டு நெடுநேரம் நிற்கும் குதிரை, மூச்சுக்குழலில் சேரும் அழுக்கைத் தலை தாழ்த்தி வெளியேற்ற இயலாமல் நுரையீரல் அழற்சிக்கு உள்ளாவது உண்டு. மங்கலம்பேட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக ஆரோவில் செல்வது சில மணிநேரப் பயணம். பெங்களூருக்கோ வழியில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விடாமல் கொண்டுசெல்லலாகாது. சேர்ந்த இடத்தில் தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வரக்கூடும். வீட்டில் உண்ட தீவனத்தையே சில நாள்களுக்குக் கையோடு கொண்டுசென்று, புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுதல் வேண்டும். ஆகவே, ஒரு வாரமே தங்கும் திட்டத்துக்குக் குதிரையைக் கொண்டுசெல்வது வீண் செலவு. கற்பதற்குக் குதிரை ஆயத்தமாகும்போது திரும்பும் நாள் வந்துவிடும். அத்தகையோர் அக்கூடத்தில் உள்ள பழகிய குதிரையில் கற்றுத் திரும்புவதே மேல்.

ஆசான் தாமே குதிரைமீது ஏறிப் பழக்குவாரா, உரிமையாளரை ஏற்றிக் கீழே நின்று கற்பிப்பாரா, இரண்டில் எது யாருக்கு ஏற்றது என்னும் ஆய்வும், சீரான நடையில் தொடங்கி உடல் ஒடுக்கி நடத்தலில் முடியும் ஜெர்மானியரின் ஆறு படிநிலைகளைக் கொண்டு ஓர் ஆசானை அளக்கும் முறையும் அடுத்த இதழில் இடம்பெறும்.