வரைகலை அட்டைக்கு ஏற்ற குளிர்விப்பான்

தாராசுரம் என்றவுடன் ஐராவதேசுவரர் கோயிலும் பட்டு நெசவும் நினைவிற்கு வரும். இன்று தறிக்கு அருகிலேயே கணினியும் இடம்பிடித்துவிட்டது. எங்கள் இல்லத்தில், நெய்யப்போகும் சேலை எவ்வாறு தோன்றும் என்பதை அண்ணன் முப்பரிமாணப் படமாக ஆக்கி, வாங்குவோர்க்குக் காட்டுகிறார். அப்படத்தை ஆக்குவது ‘கிராபிக்ஸ் கார்டு’ எனப்படும் வரைகலை அட்டையே. சென்ற மே மாதம் அது சூடேறி வேகம் குறைந்தது. குறித்த நாளில் படம் முடியவில்லை.

“ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டலாம், அதற்குப் பெரிய குளிர்விப்பான் வாங்குவோம்” என்றார் அண்ணன். “அது நூல் வாங்க வைத்த பணம்” என்றார் அம்மா. யார் சொல்வது சரி? ஆராய்ந்து பார்ப்போம்.

ஓவர்கிளாக் என்பது, தயாரித்தவர் குறித்த அளவிற்கு மேல் சிப்பை வேகமாக ஓடச் செய்வதாகும். சிப் உண்ணும் மின்சாரம் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. அது வேகத்திற்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும் கூடும். வேகத்தை 10 விழுக்காடும் மின்னழுத்தத்தை 5 விழுக்காடும் உயர்த்தினால், 1.1 × 1.05 × 1.05 = 1.21. அதாவது, 10 விழுக்காடு வேகத்திற்கு 21 விழுக்காடு வெப்பம்! 160 வாட் அட்டை ஏறக்குறைய 194 வாட் ஆகிவிடும். எனவே 200 வாட்டிற்கு மேல் தாங்கும் குளிர்விப்பானே அதற்குப் பொருந்தும்.

குளிர்விப்பான் எவ்வாறு வேலை செய்கிறது? இட்லிப் பானையின் மூடியில் ஆவி நீர்த்துளியாக மாறுவதை நாம் காண்கிறோம் அல்லவா? செப்புக் குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர், சிப்பின் சூட்டில் ஆவியாகி மறுமுனைக்குச் செல்கிறது. அங்குள்ள அலுமினியத் தகடுகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, மீண்டும் நீராகித் திரும்புகிறது. தகடுகளின் சூட்டை விசிறி காற்றில் கலக்கிறது. ஆகவே குழாய்களின் எண்ணிக்கை, தகடுகளின் பரப்பு, விசிறியின் அளவு ஆகிய மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தரும்; இரைச்சலும் குறைவு.

திரவத்தால் குளிர்விக்கும் முறையும் உண்டு. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீத்திறன் கணினி, 838 டெராஃப்ளாப் திறன் உடையது. அதாவது, நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள்! அது இம்முறையில்தான் குளிர்விக்கப்படுகிறது. ஆனால் வீட்டுக் கணினியில் பம்பு பழுதானால் வேலை நின்றுவிடும், விலையும் அதிகம்.

வாங்குமுன் அட்டையின் திருகுத் துளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும், பெட்டிக்குள் உள்ள இடத்தையும் அளந்துகொள்ள வேண்டும். நினைவகச் சிப்புகளுக்கும் மின்னழுத்தச் சீராக்கிக்கும் குளிர்ச்சி கிடைக்கிறதா எனவும் பார்க்க வேண்டும். பழைய குளிர்விப்பானைக் கழற்றினால் வாரண்டி போய்விடவும் கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, காற்றாலோ நீராலோ இயங்கும் இக்குளிர்விப்பான் எதுவும் அறையின் வெப்பத்திற்குக் கீழே சிப்பைக் கொண்டுசெல்லாது. அறையை விட 40 டிகிரி கூடுதலாகச் சுடும் சிப், 25 டிகிரி அறையில் 65 டிகிரியும், நம் கோடையின் 38 டிகிரி அறையில் 78 டிகிரியும் காட்டும்.

இவ்வளவும் அறிந்த பின் கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். தகடுகளுக்கு இடையே தறியின் நூல் தூசி மெத்தைபோல் படிந்திருந்தது! மின் இணைப்பைத் துண்டித்துத் தூசியைத் துடைத்தோம். வாரண்டிக் காலம் முடிந்திருந்ததால், சிப்பின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினோம். பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். அதே வேலைக்கு 84 டிகிரி காட்டிய அட்டை 75 டிகிரிக்கு இறங்கியது. படமும் முடிந்தது, பணமும் நூலுக்கே சென்றது. அண்ணன் ஓவர்கிளாக் ஆசையை விடவில்லை. ஆனால் இப்போது அவர் கையில் கணக்கு இருக்கிறது.

தோழியரே! முதலில் தூசி, பிறகு வெப்பக் கணக்கு, பிறகு அளவு, கடைசியில் விலை என்ற வரிசையில் சிந்திப்போம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியோர் சொன்னது கணினிக்கும் பொருந்துமன்றோ!