வலை பின்னும் வேலை

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் ரெயில் பாலமும் உடைந்தது. ராமேசுவரம் தீவுக்கும் வெளி உலகுக்கும் தொடர்பு அற்றுப் போயிற்று.

இன்று புயல் எச்சரிக்கை செல்போனிலேயே வருகிறது. அதைக் கொண்டு வந்து சேர்ப்பது கம்ப்யூட்டர் வலையமைப்பு. அதைக் கட்டிக் காப்பவரே நெட்வொர்க் என்ஜினீயர்.

என்ன வேலை?

வலை கிழிந்தால் மீனவர் இடம் பார்த்துத் தைக்கிறார் அல்லவா? இவர் வேலையும் அதுதான். கோளாறு கம்பியிலா, ரூட்டரிலா, முகவரி எண்ணிலா என்று கண்டுபிடிக்க வேண்டும். கடற்கரையில் உப்புக்காற்று வேறு இணைப்பு முனைகளை அரித்துவிடும்.

என்ன படிப்பது?

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், என்ஜினீயரிங், எது படித்தவரும் இதற்கு வரலாம். ஐ.பி. முகவரி, சுவிட்ச், லினக்ஸ் ஆகியவை தெரிய வேண்டும். தலைமுடி போன்ற கண்ணாடி இழையை ஒட்டவும் பழக வேண்டும். சிஸ்கோ கம்பெனி நடத்தும் சி.சி.என்.ஏ. பரீட்சை நல்ல தொடக்கம். வீட்டிலேயே பழகுவதற்கு 'பாக்கெட் டிரேசர்' என்ற மென்பொருளை அந்தக் கம்பெனி இலவசமாகத் தருகிறது.

பெற்றோர்களே! 'வேலை நிச்சயம்' என்று சொல்லி யாராவது பெரும் பணம் கேட்டால், கொடுக்குமுன் நன்றாக விசாரியுங்கள்.

சான்றிதழ் மட்டும் போதாது. நள்ளிரவில் கூப்பிட்டாலும் எழுந்து போகும் மனம் வேண்டும். புயல் இரவில், கடலுக்குப் போனவரின் செய்திக்காகக் குடும்பங்கள் அந்த இணைப்பை நம்பித்தான் காத்திருக்கும்.