விளம்பரத் துறையும் எமது பட்டதாரிகளும்

பல்கலைக்கழகப் படிப்பை நிறைவு செய்யும் எமது இளைஞர், யுவதிகளுள் பெரும்பாலானோர் அரச நியமனத்தை எதிர்பார்த்தே காத்திருக்கின்றனர். தமிழ், நுண்கலை, ஊடகக் கற்கை ஆகியவற்றில் பட்டம் பெற்றோர் பலரது நிலையும் இதுவே. மொழியாற்றலும் கற்பனை வளமும் கொண்ட இவர்களுக்குப் பொருத்தமான விளம்பரத் துறை பற்றி நாம் போதியளவு சிந்திப்பதில்லை.

இத்துறை எமக்குப் புதியதன்று. 1950 ஆம் ஆண்டு ஆரம்பமான இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைத் தென்னிந்திய நேயர்களும் ஆவலுடன் செவிமடுத்தனர். நிகழ்ச்சிகளோடு விளம்பரங்களும் கடல் கடந்து ஒலித்தன. ஆயினும், இன்று எமது நாட்டில் வெளிவரும் தமிழ் விளம்பரங்கள் பல, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உருவாகி, இறுதி நேரத்தில் மொழிபெயர்க்கப்படுபவை. பிழை மலிந்த பதாகைகளை வீதிகளில் காணும்போது மனம் வருந்துகிறது. காத்தான்குடிக் குடும்பத்தில் 'உம்மா' என்றும் 'வாப்பா' என்றும் அழைப்பதை அறிந்தவர், மலையகத்தின் பேச்சு வழக்கையும் யாழ்ப்பாணத்தின் பேச்சு வழக்கையும் பிரித்துணரக் கூடியவர், அவ்விடத்தில் அமர்ந்திருந்தால் இந்நிலை ஏற்பட்டிராது.

இத்தொழிலில் முதன்மை பெறுவது எண்ணமே. 1949 இல் நியூயோர்க்கில் தமது பங்காளிகளுடன் விளம்பர நிறுவனமொன்றை ஆரம்பித்த வில்லியம் பேர்ன்பாக், எழுத்தாளரையும் வடிவமைப்பாளரையும் ஒன்றாக அமர்த்திச் சிந்திக்க வைத்தார். அம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. இலங்கையிலும் 2014 இல் லியோ பேர்னட் நிறுவனம், 'மவ்பிம' பத்திரிகையை நுளம்பை விரட்டும் சிட்ரொனெல்லா கலந்த மையினால் அச்சிடச் செய்து, டெங்கு ஒழிப்புச் செய்தியைப் பத்திரிகைத் தாளுக்கே உரியதாக்கியது.

இத்துறையில் நுழைய விரும்புவோருக்குப் பட்டச் சான்றிதழைக் காட்டிலும் மாதிரி ஆக்கங்கள் அடங்கிய கோவை இன்றியமையாதது. ஒரே பொருளுக்கு மூன்று வெவ்வேறு கோணங்களில் விளம்பரம், முப்பது செக்கன் வானொலிப் பிரதி, பிழையான மொழிபெயர்ப்பு விளம்பரமொன்றின் திருத்திய வடிவம் என்பன அதில் இடம்பெறலாம். சொந்த ஊரின் சிறு வர்த்தக நிலையத்திற்காகச் செய்த பணியும் அதிற் சேரும். தமது எண்ணத்தை வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் விளக்கும் ஆற்றலையும் வளர்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் பயிலுநராகக் குறைந்த ஊதியத்துடன் பணியாற்ற நேரலாம், நிராகரிப்புக்களும் வழமையானவையே.

சொல்வன்மைக்கு எல்லையும் உண்டு. நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. புகையிலை, மதுபான விளம்பரங்களை 2006 ஆம் ஆண்டின் சட்டம் தடுத்துள்ளது. பொய்யுரைக்காது மக்களைக் கவர்வதே இத்தொழிலின் உண்மையான திறமையாகும்.

எமது பல்கலைக்கழகங்கள் விளம்பர நிறுவனங்களுடன் இணைந்து மாணவர்களுக்குப் பயிற்சிக் காலங்களை ஏற்படுத்திக் கொடுத்தல் வேண்டும். நிறுவனங்களும் தமிழ் எழுத்தாளரை மொழிபெயர்ப்பாளராக மட்டும் நோக்காது, எண்ணம் உருவாகும் மேசையிலேயே அவருக்கு இடமளிக்க வேண்டும். தமிழ் பேசும் மக்களும் இப்பொருட்களை விலை கொடுத்தே வாங்குகின்றனர். அவர்களுடன் அவர்களது மொழியிற் செம்மையாகப் பேசுவது சலுகையன்று, வர்த்தகத்தின் கடமையாகும். அக்கடமையை நிறைவேற்றும் ஆற்றல் எமது பட்டதாரிகளிடம் உண்டென்பதே எமது நம்பிக்கை.