வெறுங்கூடம்



சென்ற மாதம் நம் பள்ளி மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தோம். தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பம். மூன்று அறை, 700 சதுர அடி, வெள்ளைச் சுவர், வழவழப்பான தரை. ஆனால் பாட்டியம்மா கூடத்தில் உட்காருவதில்லை. வெளியே நடைபாதையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். "உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதுங்க வாத்தியாரய்யா" என்றார்.

மகனுக்கு அது மனக்குறை. சோபா, கண்ணாடி அலமாரி என்று தவணையில் எடுத்துக் கூடத்தை நிரப்பிவிட நினைத்தார். வீட்டுக் கடனே சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கும்போது இன்னொரு தவணையா? சற்றுப் பொறுங்கள் என்றோம்.

பழைய முறை ஜப்பானிய வீட்டின் விருந்தினர் அறையிலும் சாமான் அதிகம் இராது. பாய் விரித்த தரை. சுவரில் 'தோக்கோனோமா' என்னும் ஒரு மாடம். அதில் ஒரு தொங்கும் ஓவியம், ஒரு பூச்சாடி. பருவத்துக்கு ஏற்றபடி ஓவியத்தை மாற்றுவார்கள். அறை காலிதான், ஆனால் கண் போய்த் தங்க ஓர் இடம் உண்டு. லயத்தில் நமக்குச் சாமி மாடம் இருந்ததே, அதுபோல.

முதலில் விளக்கைக் கவனித்தோம். கூரை நடுவே ஒரே வெள்ளை விளக்கு. பல்பு வாங்கும்போது பெட்டியில் 'கெல்வின்' கணக்கைப் பாருங்கள். அது வெளிச்சத்தின் அளவன்று, நிறம். 6500 என்றால் உச்சிவேளை வெள்ளை. 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். மேலிருந்து விழும் வெள்ளை ஒளியில் சுவர் தட்டையாகத் தெரியும். மூலையில் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கு வைத்தால் நிழல் விழும், சுவருக்கு ஓர் ஆழம் வரும். செலவு சில வெள்ளிதான். பிள்ளை படிக்கும் மேசைக்கு மட்டும் வெள்ளை விளக்கே இருக்கட்டும்.

அடுத்தது ஓசை. கடினமான சுவரும் தரையும் பேச்சைத் திருப்பி அடிக்கும். ஆஸ்பத்திரி நினைவு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். துணி ஓசையை உறிஞ்சும். பழைய நூல் சேலை இரண்டைத் தைத்துத் திரையாக்கினார்கள். ஒரு பாயும் விரித்தார்கள்.

பிறகு பாட்டியம்மாவின் தகரப்பெட்டி திறந்தது. லயத்து வாசலில் எடுத்த கல்யாணப் படம், அவருடைய பால் வெட்டும் கத்தி, ஒரு பால் மங்கு. இவை கிடக்க, கடையில் விற்கும் காகிதப் பூவுக்கு ஏன் காசு? படத்தை, பாயில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் மாட்டச் சொன்னோம். நம் வீடுகளில் பலர் கூரையோரம் மாட்டிவிடுகிறார்கள்; யாருக்கும் தெரிவதில்லை. கத்தியை மட்டும் முனையில் துணி சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டினார்கள்.

செடி வைப்பவர்கள் மைலோ டின்னின் அடியில் துளை போடுங்கள். தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்துவிடும். நடைபாதையில் அடுக்கவும் வேண்டாம். நெருப்புப் பிடித்தால் ஓட வேண்டிய வழி அது.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். நாற்காலி உள்ளே வந்திருந்தது. பாட்டியம்மா பாயில் அமர்ந்து, எந்த நிரையில் எத்தனை மரம் வெட்டினார் என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சோபா இன்னும் வாங்கவில்லை.