வலிக்காத காயம்

கோவை கணபதியில் நான் வேலை பார்த்த பட்டறையில் மொத்தம் ஆறு பேர். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு வெல்டிங் செட், மூன்று ஏஜி4 கிரைண்டர். மோனோபிளாக் பம்புக்கான வார்ப்புகள் ஃபவுண்டரியிலிருந்து வந்து இறங்கும். அவற்றின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசிறைக் கிரைண்டிங் போட்டு எடுப்பது என் வேலை. ஐ.டி.ஐ. முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் லோடு ஏற்ற வந்த வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் பதினைந்து உருப்படி பாக்கி. அப்போதுதான் வலது கண்ணில் என்னவோ பட்டது.

தூசி விழுந்த மாதிரிதான் இருந்தது. புறங்கையால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உறுத்தல் கூடியது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே பதினைந்தையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

கண்ணில் விழுந்ததை எடுப்பதற்கென்றே அந்தத் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். எங்கள் பட்டறையின் மூத்த டர்னர். கைராசிக்காரர் என்று பெயர். பக்கத்துப் பட்டறைகளிலிருந்தும் கண்ணைப் பொத்திக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். உடைந்த ஹேக்சா பிளேடு ஒன்றைக் கல்லில் தீட்டி, துணியில் சுற்றி, டூல் பெட்டியில் வைத்திருப்பார். என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, தலையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்.

"அசையாம மேல பாரு கண்ணு."

மூச்சுகூட விடாமல் நின்றேன். பிறகு பிளேடு நுனியைக் கட்டைவிரல் நகத்தில் தட்டிக் காட்டினார். கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி. "அவ்வளவுதான் சாமி, எடுத்தாச்சு. வூட்டுக்குப் போய்ப் படு" என்றார். அந்த மனிதரின் அன்பில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. இமைக்கு அடியில் மணலைக் கொட்டி அரைப்பதுபோல் இருந்தது. டியூப்லைட்டைப் பார்க்க முடியவில்லை. தலையணை ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கி வந்து விடலாம் என்று ஆத்தா சொன்னார். அம்மா விளக்கெண்ணெயை எடுத்தார். ஞாயிறு முழுக்க ஈரத்துணியோடு படுத்திருந்தேன். திங்கட்கிழமை வலி பாதியாகக் குறைந்திருந்தது. சரியாகிவிட்டது என்று வேலைக்குப் போனேன். புதன்கிழமை கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, பார்வை புகைபிடித்ததுபோல் ஆனபிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் என் மோவாயை ஒரு மேடையில் வைக்கச் சொல்லி, பட்டையாக ஒரு வெளிச்சத்தைக் கண்ணில் அடித்துப் பார்த்தார். "இரும்பை எடுத்துட்டாங்க. துருவை விட்டுட்டாங்க" என்றார்.

கருவிழியின் நடுப்பகுதி கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. நரம்பு முனைகளோ நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. அதனால்தான் ஒரு தூசிக்கே உயிர் போகிறது. கண்ணீரில் நனைந்துகொண்டே இருக்கிற இடத்தில் இரும்புத் துகள் போய்க் குத்தினால் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். துகளைப் பெயர்த்து எடுத்த பிறகும் அது இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் தங்கிவிடுகிறது. அது இருக்கிறவரை புண் ஒழுங்காக ஆறாது. சனிக்கிழமை ராத்திரியே போயிருந்தால் துகளோடு முடிந்திருக்கும். நான் போகும்போது துரு ஊறி, பிளேடு கீறிய இடத்தில் கிருமியும் தொற்றியிருந்தது.

இரண்டு சொட்டு மருந்து விட்டார்கள். அரை நிமிடத்தில் நான்கு நாள் வலி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஊசி முனை கண்ணை நோக்கி வருவது தெரிந்தது, பட்டது தெரியவில்லை. பிறகு பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் ஒரு குட்டித் துரப்பணத்தால் துருவைச் சுரண்டினார்கள். இமையைத் திருப்பி, உள்ளே வேறு துகள் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். முடிந்ததும் அந்த முதல் பாட்டில் மருந்தை எனக்கு எழுதித் தரும்படி கேட்டேன். டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்தார். அது மரத்துப்போக வைக்கும் மருந்து. வலியை நிறுத்துமே தவிர புண்ணை ஆற்றாது. திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறவே ஆறாமல் கரைந்து ஓட்டை விழுந்துவிடக்கூடும் என்றார். "வலி நின்னா காயம் சரியாயிருச்சுன்னு அர்த்தம் இல்லீங்க." இதைச் சொல்லிவிட்டு, கிரைண்டிங்கா, சுத்தியலா என்று கேட்டார். கிரைண்டிங் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த வருடம் விளங்கியது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஷாஃப்ட்டில் இறுகிப்போன சாவியை உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். பழைய உளி. அடிவாங்கி அடிவாங்கி அதன் தலை காளான் மாதிரி விரிந்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. ஓர் அடியில் கண்ணில் சுருக்கென்றது. அவ்வளவுதான். தண்ணீர் விட்டுக் கழுவினார். அண்ணன் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. லேசாகச் சிவந்திருந்தது, மறுநாள் அதுவும் போயிற்று. ராத்திரி நன்றாகத் தூங்கினார். மூன்று மாதம் கழித்து, வண்டி ஓட்டும்போது சாயங்கால வேளையில் இடது பக்கம் மங்கலாகத் தெரிகிறது என்றார். அந்தக் கண்ணின் நிறம் மட்டும் மாறிவருவதை அவர் மனைவிதான் கவனித்தார். எக்ஸ்ரேயில் கண்ணுக்குள் அரிசிக் குருணை அளவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

கிரைண்டிங் துகள் பெரும்பாலும் கருவிழியின் மேலேயே சிக்கி நின்று உயிரை எடுக்கும். சுத்தியலடியில் தெறிக்கும் சில்லு அப்படியில்லை. சிறியது, கூரானது, வேகமானது. கருவிழியையோ வெள்ளைவிழியையோ துளைத்து உள்ளே போய்விடும். போன துளையும் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே கிடக்கும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த இரும்பு விழித்திரைக்கு நஞ்சு. முதலில் இருட்டில் பார்க்கும் திறன் குறையும், புரை விழும், கண்மணியைச் சுற்றிய வளையத்தின் நிறம் மாறும். இதில் எந்தக் கட்டத்திலும் அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. எனக்கு வலித்தது; என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டியது. அவரை விரட்ட எதுவுமே இல்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் பட்டறைகளில் கண் காயத்தை வலியை வைத்து அளக்கிறோம். அது பொய்யான அளவுகோல். வெல்டிங் வெளிச்சம் பட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், சில சமயம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் துடிக்க வைக்கும். இவ்வளவு வலித்தாலும் அது பொதுவாக ஓரிரு நாளில் ஆறிவிடும். உள்ளே போன சில்லோ வலிக்காமலே கண்ணைத் தின்றுவிடும். சுத்தியல் வேலையில் கண்ணில் எது பட்டாலும், பார்வை நன்றாக இருந்தாலும், அன்றைக்கே காட்டியாக வேண்டும். தேய்க்கக்கூடாது, அழுத்தக்கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக்கூடாது. கண்ணில் இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பவரிடம் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காந்தம் உள்ளே கிடக்கும் இரும்பை நகர்த்திவிடக்கூடும்.

வயற்காட்டுக்கும் இது பொருந்தும். கதிரடிக்கும்போது நெல்லின் சுணை, கரும்புத் தோகை, மாட்டு வால் பட்டுக் கீறியதெல்லாம் முதல்நாள் சாதாரண உறுத்தல்தான். 1990-களில் மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வில், கருவிழிப் புண் ஆண்டுக்கு 10,000 பேரில் 11 பேருக்கு மேல் வருவதாகக் கணக்கிட்டார்கள். அந்தப் புண்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கீறலில் தொடங்குபவை. நம் பக்கத்தில் பூஞ்சைத் தொற்றும் அதிகம். நேபாளத்தின் பக்தபூரில், கீறல் பட்டவர்களுக்குக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களே குளோராம்ஃபெனிகால் களிம்பு போட்டுப் பார்த்தார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டால் சில சமயம் ஸ்டீராய்டு சொட்டு கைக்கு வந்துவிடுகிறது. சிவப்பும் உறுத்தலும் குறையும், அடியில் பூஞ்சை செழிக்கும்.

அந்த நண்பரின் விஷயத்துக்கு வருகிறேன். அறுவை செய்து இரும்பை எடுத்தார்கள், பார்வை திரும்பவில்லை. வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் கோட்டைப் படித்துப் பழகிய மனிதர். ஒற்றைக் கண்ணிலும் அந்தக் கோடு தெரியும். ஆனால் ஆழம் தெரியாது. முதல் சில மாதங்கள் டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினார். நட்டைப் போல்ட்டில் பொருத்த இரண்டு மூன்று தடவை தடவினார். ஓடுகிற லேத்தின் சக்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக அவருக்கே பயம் வந்துவிட்டது.

1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் இதற்கெல்லாம் ஓர் அட்டவணை இருந்தது. மற்றக் கண் நன்றாக இருக்கும் நிலையில், ஒரு கண்ணையே இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனதாகக் கணக்கு. கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30 சதவீதம். ஓரளவு பார்வை போனால் 10. அவருக்கு 30 சதவீதக் கணக்கும் கிடைக்கவில்லை. அன்று வலிக்கவில்லை, அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போகாததால் அந்தத் தேதியில் ஒரு சீட்டும் இல்லை. வேலையில்தான் பட்டது என்று மூன்று மாதம் கழித்து எதைக் காட்டுவது? ஈ.எஸ்.ஐ.யும் எங்களுக்குக் கிடையாது. ஓனர் கையில் இருந்ததைக் கொடுத்தார், அதோடு முடிந்தது.

தொழிற்சாலைச் சட்டம் 1948-இலேயே வந்துவிட்டது. துகள் தெறிக்கும் வேலைக்கும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்துக்கும் தடுப்போ கண்ணாடியோ தரவேண்டும் என்று அதன் 35-ஆவது பிரிவு பேசியது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்று இருந்தது. அதற்குப் பதிலாக 2020-இல் இயற்றிய புதிய தொகுப்புச் சட்டம் அந்த 10-ஐ 20 ஆக்கிவிட்டது. ஆறு பேர் பட்டறையில் பறக்கும் பொறிக்கு இந்தக் கணக்கு தெரியுமா? எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

இழப்பீட்டுச் சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பாதுகாப்புக்கென்று கொடுத்த சாதனத்தைத் தொழிலாளி தெரிந்தே ஒதுக்கினார் என்றால், சாவு, முழுமையான நிரந்தர ஊனம் தவிர்த்த காயங்களுக்கு முதலாளி பொறுப்பில்லை. "கொடுத்த" என்ற சொல்தான் இங்கே முக்கியம். எங்கள் பட்டறையிலும் ஒரு கண்ணாடி இருந்தது. ஓனர் மேசையின் இழுப்பறையில், பில் புக்குக்கு அடியில். ஆறு பேருக்கு ஒன்று. மஞ்சளடித்துக் கீறல் விழுந்து, அதைப் போட்டால் மார்க்கிங் கோடே தெரியாது. வேர்வையில் ஐந்து நிமிடத்தில் ஆவி படியும். பவர் கண்ணாடிக்காரர் அதை எங்கே மாட்டுவார்? உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருப்பானா? இதைத் தொழிலாளியின் அலட்சியம் என்று ஒரு வார்த்தையில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நாலு அங்குலக் கல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அரை மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்துக்குப் பொறி வந்து சேர ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். இமை மூடுவதற்கு அதைப்போல் பத்து மடங்கு நேரம் வேண்டும். கவனமாக இருந்தால் போதும் என்பது இந்த வேகத்தோடு நடக்காத காரியம். பவர் கண்ணாடியும் காப்பாகாது. பக்கவாட்டில் திறந்து கிடக்கிறது, உடைந்தால் அதுவே சில்லாகக் குத்தும். வேண்டியது பாலிகார்பனேட் கண்ணாடி, பக்கத்தை மூடும் வகை, ஐ.எஸ். 5983 அல்லது இ.என். 166 முத்திரை உள்ளது. முகத்துக்கு ஷீல்டு போட்டாலும் உள்ளே கண்ணாடி வேண்டும். ஷீல்டின் அடியிலிருந்து துகள் ஏறும். ஆளுக்கு ஒன்று, கீறல் விழுந்ததும் மாற்றிக் கொடுக்க வேண்டும், மிஷின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும். ஒரு கிரைண்டிங் கல் பாக்கெட்டின் விலைகூட வராது.

என் வலது கண்ணில் வெள்ளையாகப் பொட்டு அளவுக்குத் தழும்பு இருக்கிறது. ராத்திரியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு அந்தக் கண்ணுக்கு மட்டும் கீற்றுக் கீற்றாகப் பிரிந்து தெரியும்.

போன தை மாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். ஓனர் மகன்தான் இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஐந்து ஆணிகள். நான்கில் கண்ணாடி தொங்கியது, ஒன்று போட்டிருந்த பையனின் முகத்தில் இருந்தது. அண்ணனுக்கு வயதாகிவிட்டது, லேத்தில் நிற்பதில்லை. ஆனாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அவரிடம்தான் வருகிறார்களாம். டூல் பெட்டியைத் திறந்து காட்டினார். ஹேக்சா பிளேடு இல்லை. அது இருந்த துணியில் நாலைந்து பேப்பர் கப், ஒரு பிளாஸ்திரிச் சுருள்.

"கிரைண்டிங்கா, சுத்தியலான்னு மொதல்ல கேப்பனுங்க தம்பி. சுத்தியல்னா தொடறதே இல்ல. கப்ப வெச்சு ஒட்டி, ஆட்டோவுல ஏத்தி உட்டுருவேன். வலிக்கலைன்னு எறங்கப் பாப்பானுக. கூட நானே ஏறிக்குவேன்."