கூலிக்கு ஆடுபவரும் தாய்நாடும்

தான் கற்ற வித்தையை அயல்நாட்டாருக்கு விலை கூறுவது ஒரு தேசத்தானுக்குத் தகுமா என்ற கேள்வி பழைய கேள்வி. வைத்தியரையும் எஞ்சினியரையும் குறித்துப் பெரும்பாலும் தணிந்த குரலில் கேட்கப்படும் இக்கேள்வி, ஐரோப்பாவில் கூடைப்பந்து ஆடிப் பிழைப்போரைக் குறித்துப் பகிரங்கமாகவே கேட்கப்படுகிறது. சென்ற ஆண்டு ஸ்பெயினில் ஆடியவர் இவ்வாண்டு கிரேக்கத்தில் ஆடுகிறார்; அடுத்த ஆண்டு துருக்கியோ இத்தாலியோ, யாரறிவார்! பெட்டியை அவிழ்த்து அடுக்குவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. இவர்களைக் கூலிப்பட்டாளம் என்று இகழ்வோர் உளர். இகழ்ச்சி நியாயந்தானா என்பதை ஒரு மனிதரின் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வோம். அவர் பெயர் ஷாருனாஸ் யாசிகெவிச்சியஸ். பிறந்த நாடு பால்டிக் கடலோரத்திலுள்ள லிதுவேனியா.

அந்நாட்டின் ஜனத்தொகை இன்று 30 லட்சத்துக்கும் குறைவு. ஆயினும் கூடைப்பந்து அங்கே வெறும் விளையாட்டன்று. 1937-லும் 1939-லும் ஐரோப்பாவின் சாம்பியன் பட்டத்தை அச்சிறு நாடு வென்றது. இரண்டாவது வெற்றி கிடைத்தது கௌனாஸ் நகரில், சொந்த ஜனங்களின் கண்ணெதிரே. மறு ஆண்டே, 1940-ல், ஸோவியத் யூனியன் லிதுவேனியாவை விழுங்கிவிட்டது. அதற்குப்பின் அரை நூற்றாண்டுக் காலம் லிதுவேனியரின் திறமையெல்லாம் ஸோவியத் கணக்கிலேயே எழுதப்பட்டது. 1988-ல் ஸியோல் ஒலிம்பிக்கில் ஸோவியத் கோஷ்டி தங்கப் பதக்கம் பெற்றதே, அதன் தூண்களாக நின்ற சபோனிஸ், மார்சியுலோனிஸ், குர்தினாய்திஸ், ஹோமிசியஸ் ஆகிய நால்வரும் லிதுவேனியர்கள். பதக்கம் கழுத்தில், கீதம் மாத்திரம் பிறருடையது.

சபோனிஸின் கதையை இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். ஏழடிக்கு மேற்பட்ட அவ்வீரரை 1986-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் கோஷ்டி தேர்ந்தெடுத்தது. மாஸ்கோ அனுமதி தரவில்லை. 1989-ல்தான் அவர் ஸ்பெயினுக்குப் போக முடிந்தது. போர்ட்லண்ட் போய்ச் சேர்ந்தபோது ஆண்டு 1995, அவருக்கு வயது 30, கால்கள் இரண்டும் காயத்தால் நைந்திருந்தன. ஒரு மனிதன் தன் வித்தையைக் கொண்டு எங்கே பிழைப்பது என்பதைத் தானே தீர்மானிக்க முடியாதபடி செய்வதும் அடிமைத்தனத்தின் ஓர் அங்கமே. போகவொட்டாமல் தடுத்து வைத்த அந்த ஆட்சியைத் தேசப்பற்றின் பெயரால் யாரேனும் நியாயப்படுத்துவார்களா?

1990 மார்ச் 11-ந் தேதி லிதுவேனியா தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. 1991 ஜனவரியில் ஸோவியத் டாங்கிகள் வில்னியஸ் நகரத்துத் தொலைக்காட்சிக் கோபுரத்தை நோக்கி வந்தபோது, நிராயுதபாணிகளாக எதிர்த்து நின்ற ஜனங்கள் உயிரைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு பார்ஸலோனா ஒலிம்பிக்கில் தங்கள் சொந்தக் கொடியின்கீழ் ஆடிய லிதுவேனியர்கள், முன்னாள் ஸோவியத் நாடுகளின் கூட்டுக் கோஷ்டியை 82-க்கு 78 என்று தோற்கடித்து வெண்கலம் பெற்றார்கள். கௌனாஸில் 1976-ல் பிறந்த யாசிகெவிச்சியஸுக்கு அப்பொழுது வயது 16. கதவு திறந்த தேசத்தில் முதல் முதலாக வெளியே புறப்பட்ட தலைமுறை அவருடையது.

அவர் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்துப் பள்ளியொன்றிலும், பிறகு நாலாண்டுகள் மேரிலண்ட் சர்வகலாசாலையிலும் பயின்றார். 1998-ல் படிப்பு முடிந்தபோது அமெரிக்கத் தொழில்முறைக் கோஷ்டிகளில் ஒன்றுகூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. உயரம் ஆறடி நான்கு அங்குலம். அவ்வாட்டத்தில் அது பெரிய உயரமன்று. வேகமும் சாதாரணம், தாவலும் சாதாரணம். அவரிடம் இருந்தது கண். எவன் எங்கே நிற்கிறான் என்பதையன்றி, அடுத்த நொடியில் எங்கே இருப்பான் என்பதையும் கண்டு, அவ்விடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுவார். இதை அளக்கும் கோல் அமெரிக்கரிடம் அன்று இருக்கவில்லை போலும்.

ஊர் திரும்பி வில்னியஸில் ஓராண்டு, ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் ஓராண்டு, அப்புறம் பார்ஸலோனாவில் மூன்றாண்டுகள். இவ்வளவு சுலபமாக நாடுவிட்டு நாடு போவதற்குச் சட்டமும் துணை நின்றது. 1995 டிசம்பரில் போஸ்மன் என்னும் பெல்ஜியக் கால்பந்தாட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைச் சங்கங்கள் பணம் கேட்டு மறித்து நிறுத்த முடியாது. ஆட்டக்காரருக்கு அது விடுதலை. ஏழைச் சங்கங்களுக்கோ பெரும் சேதம். தாங்கள் பாடுபட்டு வளர்த்த பிள்ளையைப் பணக்காரச் சங்கம் காசில்லாமல் கொண்டுபோவதை அவை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இந்த நஷ்டத்தை நாம் மறைக்க விரும்பவில்லை.

நிற்க. 2000-ம் ஆண்டு ஸிட்னி ஒலிம்பிக்கில் நடந்ததைப் பார்ப்போம். அமெரிக்கருக்கு எதிரான அரையிறுதியில் யாசிகெவிச்சியஸ் மாத்திரம் 27 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் 85-க்கு 83 என்று நிற்கையில், கடைசி நொடியில் தொலைவிலிருந்து அவர் எறிந்த பந்து கூடையில் விழவில்லை. விழுந்திருந்தால் அவரை வேண்டாமென்ற நாடு அன்று அவர் கையாலேயே தோற்றிருக்கும். 2003-ல் ஸ்வீடனில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் லிதுவேனியா இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 93-க்கு 84 என்று வென்றது. 1939-க்குப் பிறகு 64 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பட்டம் அது. சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாசிகெவிச்சியஸ். ஸ்பெயினில் கூலி வாங்கிக் கற்ற பாடம் ஸ்பெயினுக்கு எதிராகவே பயன்பட்டது!

ஆனால், நம் கேள்விக்கு உண்மையான சோதனை வந்தது 2004 ஏப்ரலில். பார்ஸலோனாவுடன் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பின்னர் அவர் டெல் அவிவ் நகரத்து மக்காபி சங்கத்தில் சேர்ந்திருந்தார். ஐரோப்பாவின் கடைசி நால்வருள் இடம்பெறுவதற்கான ஆட்டத்தில் மக்காபிக்கு எதிரே வந்து நின்றது அவர் பிறந்த ஊராகிய கௌனாஸின் ஜால்கிரிஸ் சங்கம். அதில் ஆடியவர் 39 வயது சபோனிஸ், ஊர் திரும்பிய கிழச்சிங்கம். ஒரு சில நொடிகளே எஞ்சியிருக்க, மூன்று புள்ளிகள் முன்னணியில் ஜால்கிரிஸ். மக்காபியின் டெரிக் ஷார்ப் கடைசி மூச்சில் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. ஆட்டம் சமமாகி நீண்டு, 107-க்கு 99 என்று மக்காபி வென்றது. கௌனாஸ் அழுதது. அந்த ஊர்ப்பிள்ளை வென்றவர் பக்கம் நின்றார்.

இது துரோகமா? அல்ல என்பதே நமது திடமான அபிப்பிராயம். ஒப்புக்கொண்ட வேலையில் அன்றிரவு அவர் கை தளர்ந்திருந்தால் அதுவன்றோ துரோகம்? அப்படிப்பட்டவரைத் தாய்நாடும் நம்ப முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் லிதுவேனியா அமெரிக்காவை 94-க்கு 90 என்று வீழ்த்திற்று. அதில் 28 புள்ளிகள் அவருடையவை. ஸிட்னியில் தவறிய கை ஏதென்ஸில் தவறவில்லை. பதக்கம் கிடைக்கவில்லை, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அதே அமெரிக்கர் பழிதீர்த்துக்கொண்டனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2005-ல் மக்காபிக்கு மறுபடியும் கோப்பை. பிறகு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. இந்தியானாவிலும் கலிபோர்னியாவிலுமாக இரண்டாண்டுகள் ஆடினார், சோபிக்கவில்லை. 2007-ல் கிரேக்கத்தின் பனாதினாய்கோஸ் சங்கம் சேர்ந்து, 2009-ல் பெர்லினில் நாலாவது ஐரோப்பியக் கோப்பையைக் கையில் ஏந்தினார். மூன்று தேசங்களின் சங்கங்களுக்காக நாலு கோப்பைகள். அதன்பின் மீண்டும் வில்னியஸ், இஸ்தான்புல், ஏதென்ஸ், பார்ஸலோனா என்று சுற்றி, 2013-ல் 37 வயதில் ஜால்கிரிஸ் சங்கத்தின் சட்டையை அணிந்தார். அவரால் அழுத ஊர் அவரை ஏற்றுக்கொண்டது.

ஆட்டத்தை விட்டபின் அங்கேயே பயிற்சியாளரானார். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று. அகுஸ்தோ லிமா என்னும் பிரேஸில் தேசத்து ஆட்டக்காரர், குழந்தை பிறக்கும் சமயத்தில் மனைவியிடம் போனார். முக்கியமான ஆட்டங்களின் நடுவே இப்படிப் போகலாமா என்று பத்திரிகை நிருபர் ஒருவர் கேட்டார். யாசிகெவிச்சியஸ் அவரைத் திருப்பிக் கேட்டார்: உமக்குக் குழந்தை உண்டா? தம் பிள்ளை பிறப்பதைக் காண்பதைவிடக் கூடைப்பந்து பெரிதில்லை என்று அந்த வாலிபருக்கு விளக்கவும் செய்தார். வீட்டைவிட்டுத் தொலைவில் பிழைத்தவனுக்கே அந்தப் பதிலின் அருமை தெரியும்.

ஐரோப்பாவின் பணக்காரச் சங்கங்களுக்கு முன்னால் ஜால்கிரிஸின் பணப்பை சிறியது. ஆயினும் 2018-ல் அவர் அதனைக் கடைசி நால்வருள் கொண்டுசேர்த்தார். 1999-ல் கோப்பை வென்றபின் அச்சங்கம் அங்கே கால் வைத்தது அப்பொழுதுதான். மாஸ்கோவின் ஸெஸ்கா கோஷ்டியை 79-க்கு 77 என்று வென்று மூன்றாமிடமும் பெற்றது. பழைய மாஸ்கோவை நினைவில் வைத்திருந்த கௌனாஸ் முதியோருக்கு அந்த இரண்டு புள்ளிகள் எப்படி இனித்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

2020-ல் அவர் மறுபடி வெளியே போனார்: முதலில் பார்ஸலோனா, 2023 டிசம்பரில் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சே. 2025 மே மாதம் அபுதாபியில் நடந்த இறுதியாட்டத்தில் ஃபெனர்பாச்சே மொனாகோவை 81-க்கு 70 என்று வென்றது. லிதுவேனியப் பயிற்சியாளரின்கீழ், துருக்கிச் சங்கத்துக்காக, அரபு நகரத்தில் ஆடிச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர் நைஜல் ஹேய்ஸ் டேவிஸ் என்ற அமெரிக்கர். அவரும் சில ஆண்டுகளுக்கு முன் கௌனாஸில் ஜால்கிரிஸிடம் கூலி வாங்கி ஆடியவர்தான்.