தத்தெடுக்கக் கார் தேவையா?

தத்தெடுக்க விரும்பும் நடுத்தர, கீழ்நடுத்தரக் குடும்பங்களை விண்ணப்பம் போடும் முன்பே தயங்க வைக்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: வாடகை வீடு, ஒரு சம்பளம், கார் கிடையாது, நமக்குக் குழந்தையைக் கொடுப்பார்களா? சட்டம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 57-வது பிரிவில், தத்தெடுப்போர் உடல்நலமும் மனத்தெளிவும் பொருளாதார வசதியும் குழந்தையை வளர்க்கும் மிகுந்த ஆர்வமும் உடையவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. தம்பதியருக்கு இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை, குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி என்று 2022-இன் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் விரிவாக வரையறுக்கின்றன. கார் வேண்டும் என்று எந்த இடத்திலும் இல்லை. இருக்கவும் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கார், ஜீப், வேன் போன்ற வாகனம் இருந்தது இந்தியக் குடும்பங்களில் 4.7 சதவீதத்தில்தான். அதற்குப் பிறகு இந்த எண்ணிக்கை கூடியிருந்தாலும், காரை அளவுகோலாக வைத்தால் நாட்டின் பெரும்பாலான பெற்றோர், தாங்கள் பெற்ற பிள்ளைகளை வளர்க்கவே தகுதியற்றவர்கள் ஆகிவிடுவார்கள்.

ஆனாலும் அந்தத் தயக்கம் ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது. விண்ணப்பத்துக்குப் பிறகு ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுகிறார். இங்கே மனித மதிப்பீட்டுக்கு இடம் உண்டு. சட்டத்தில் இல்லாத வசதிகள் தகுதிகளாக உள்ளே நுழையவும் இடம் உண்டு. வாசலில் நிற்கும் கார் கண்ணில் படும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரரும், கூப்பிட்டால் வரும் தெருமுனை ஆட்டோக்காரரும் கேட்டால்தான் தெரியவருவார்கள். எனவே, வாகனம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, குழந்தை எங்கெங்கே போக வேண்டியிருக்கும், அங்கே எப்படிப் போகும் என்று கேட்பதே சரியான விசாரணை. மருத்துவமனை எவ்வளவு தூரம், பள்ளிக்கு நடந்து போகலாமா, கடைசிப் பேருந்து போன பிறகு அவசரம் வந்தால் யாரை அழைப்பீர்கள் என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் குடும்பம், அதை யோசித்தே பார்க்காத கார்க்காரக் குடும்பத்தைவிட ஆயத்தமாக இருக்கிறது.

கார்தான் பாதுகாப்பு என்பார்கள் சிலர். மழையிலும் புகையிலும் பச்சிளங்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால், காருக்குள் அம்மாவின் மடியில் உட்கார்ந்துவரும் குழந்தை பாதுகாப்பாக இருப்பதாக மோட்டார் வாகனச் சட்டமே ஏற்கவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. நம் சாலைகளில் குழந்தைகளுக்கான தனி இருக்கையை எத்தனை கார்களில் பார்க்கிறோம்? இருசக்கர வாகனத்துக்கும் விதி உண்டு: நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றிச் சென்றால் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டு ஆய்வுக்கு வருபவர் இவற்றைச் சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்கு நேரடிப் பயன் உண்டு.

தமிழ்நாட்டில் கார் இல்லாத குடும்பத்துக்குக் கைகொடுக்கும் ஏற்பாடுகள் குறைவல்ல. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அந்தச் சலுகை விரிவாக்கப்பட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. நகரத்தில் இருப்பவருக்கு இவ்வளவும் போதும் என்றே சொல்லலாம்.

கிராமத்தில் அப்படியில்லை. நாளுக்கு நான்கு முறை வரும் பேருந்தை நம்பி, வாரம் இருமுறை பிசியோதெரபிக்குக் குழந்தையை மாவட்டத் தலைநகருக்கு அழைத்துச் செல்வது ஒரு நாள் கூலியை விழுங்கும் வேலை. தத்தெடுக்காமல் குழந்தையைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பில் சுமை இன்னும் கூடும். அங்கே குழந்தைகள் நலக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். குழந்தைகள் பலர், தங்களைப் பெற்ற தாயையோ உடன்பிறந்தவர்களையோ சந்திக்க அழைத்துச் செல்லப்பட வேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது. உணவு, உடை, படிப்பு என்று அத்தனைக்கும் அதுதான். போக்குவரத்துக்குத் தனியாக ஒதுக்கினால் மிச்சம் என்ன இருக்கும்? மத்திய அரசின் 2024 மாதிரி வழிகாட்டுதல்கள் 35 முதல் 60 வயது வரையிலான மணமாகாதோர், கைம்பெண்கள், மணமுறிவு பெற்றோர் ஆகியோரையும் வளர்ப்புப் பெற்றோராக அனுமதிக்கின்றன. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் ஒற்றைச் சம்பளத்தில் வாழும் அவர்களுக்குத்தான் இந்த அலைச்சல் மிகவும் கனக்கும்.

காரைத் தகுதியாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. கைக்குழந்தைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் ஆயிரக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது, வசதி கூடுதலாக உள்ளவரைத் தேர்ந்தெடுத்தால் என்ன என்பது அது. ஆனால், தத்தெடுப்பு முறை அப்படி இயங்குவதில்லை. தகுதி உறுதியானபின் பதிவு செய்த வரிசைப்படியே குழந்தை காட்டப்படுகிறது. தகுதி என்பது ஒரு வாசற்படி. அதைத் தாண்டியவர்களுக்குள் செல்வத்தை வைத்துப் போட்டி நடத்துவது சட்டத்தின் நோக்கம் அல்ல. மேலும் அந்தக் கூட்டம் கைக்குழந்தைகளுக்குத்தான். வளர்ந்த பிள்ளைகளும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் குடும்பம் கிடைக்காமல் இல்லங்களிலேயே வயது ஏறுகிறார்கள். அவர்களை ஏற்க முன்வருபவரைக் கார் இல்லை என்று தயங்க விட்டால், இழப்பு யாருக்கு?

செய்ய வேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. வீட்டு ஆய்வில் பயணத் திட்டம் பற்றி எல்லோரிடமும், கார் வைத்திருப்பவரிடமும், ஒரே விதமாகக் கேட்கலாம். வளர்ப்புப் பராமரிப்புக்கு அனுப்பும்போது குழந்தையின் பள்ளிக்கும் உறவினருக்கும் அருகிலுள்ள குடும்பத்துக்கு முன்னுரிமை தரலாம். சிகிச்சைக்கும் குழு விசாரணைக்கும் போய்வரும் செலவை 4,000 ரூபாயிலிருந்து பிரித்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு தனியாக வழங்கலாம். விசாரணை நேரத்தை அந்த ஊர்ப் பேருந்து நேரம் பார்த்துக் குறிப்பதற்கு அரசாணைகூட வேண்டியதில்லை.